மகள் ஹாக்கி ஆடுகிறாள், செலவுதான் மிரட்டுகிறது: சேலம் பக்கம் யாராவது அனுபவம் சொல்லுங்கள்

குரங்குச்சாவடிக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் பி.டி. டீச்சர் அவள் ஓட்டத்தைப் பார்த்து ஹாக்கியில் சேர்த்துவிட்டார். மாவட்ட அளவு வரை ஆடிவிட்டாள். நான் பள்ளி நாளில் கபடிகூட ஆடாதவன், இந்த ஆட்டத்தில் ஹாஃப் எது பேக் எது என்றே இப்போதுதான் கற்றுக்கொண்டு வருகிறேன்.

இதுவரை ஆன செலவைச் சொல்கிறேன். முதல் ஸ்டிக் மரம், 800 ரூபாய். அடுத்து காம்போசிட் என்றார்கள், 3,000 சொச்சம். ஷூ, ஷின் கார்டு, மவுத் கார்டு தனி. இதெல்லாம் ஒரு தடவை வாங்கினால் போதும் என்றுதான் நினைத்தேன். கால் வளர்கிறது, ஷூ வளர மாட்டேன் என்கிறது. அதுகூடப் பரவாயில்லை. "மண் தரையிலேயே ஆடிக்கொண்டிருந்தால் மாவட்டத்தோடு நின்றுவிடுவாள், டர்ஃபில், அதாவது செயற்கைப் புல்தரையில், கால் பழக வேண்டும்" என்கிறார் டீச்சர். டர்ஃபுக்கு மதுரை, சென்னை, கோவில்பட்டி என்று போக வேண்டுமாம். முகாமுக்குக் கட்டணம், தங்க இடம், சாப்பாடு. பெண் பிள்ளை என்பதால் கூட ஒரு ஆள் போக வேண்டும். நான் போனால் எனக்கு அந்த நாள் சம்பளம் போச்சு.

வீட்டில் இதை வைத்து தினமும் பஞ்சாயத்து. செலவு செய்தால் எங்கே போய் முடியும்? செய்யாமல் ஆட வைக்க வழி இருக்கிறதா?

பழைய கோல்கீப்பர்:
சூரமங்கலத்தில் இருந்து எழுதுகிறேன். எண்பதுகளில் பள்ளி அணிக்குக் கோலில் நின்றவன்.

சார், ஸ்டிக் விலையைப் பெரிதாக எடுக்காதீர்கள், ஆனால் அது எங்கே தேய்கிறது என்று பாருங்கள். இன்றைக்கு மகள் வந்ததும் ஸ்டிக்கைத் திருப்பி வளைவின் அடிப்பக்கத்தைத் தடவுங்கள். நார் நாராகப் பிரிந்திருக்கும். சரளை மண்ணில் ரிவர்ஸ் அடிக்கும்போதும் பந்தை இழுக்கும்போதும் தரை அதை அரம் போல ராவுகிறது. மர ஸ்டிக்காக இருந்தபோது நாங்கள் ஃபெவிகால் தடவி, நூல் சுற்றி, மேலே டேப் ஒட்டி இன்னொரு சீசன் ஓட்டுவோம். காம்போசிட்டில் அந்த வேலை நடக்காது. எம்-சீல் வைத்துப் பார்ப்பார்கள், நாலு நாள் தாங்கும். கழுத்தில் விரிசல் விட்டால் அதோடு சரி, துணி காயப்போடத்தான் ஆகும்.

விஷயம் என்னவென்றால், டர்ஃபில் ஆடுகிற வசதியான பிள்ளைக்கு ஒரு ஸ்டிக் பல மாதம் உழைக்கும். மண்ணில் ஆடுகிற பிள்ளைக்கு அதே ஸ்டிக் பாதி நாளில் போய்விடும். காசு இல்லாதவனுக்குத்தான் செலவு அதிகம்.

கீப்பர் கதை இன்னும் மோசம். எங்கள் பள்ளியில் ஒரே ஒரு செட் பேட், எனக்கு முன்னால் எத்தனை பேர் போட்டதோ. வாரெல்லாம் அறுந்து, சணல் கயிற்றால் கட்டுவோம். மழையில் நனைந்தால் அந்த வாடை மூன்று நாள் உடம்பில் நிற்கும். பந்து 160 கிராம் சுமாருக்கு இருக்கும், கல் மாதிரி. இன்றைக்கு நல்ல கீப்பர் கிட் 40,000 ரூபாயைத் தாண்டுகிறது. எந்த அப்பா வாங்கித் தருவார்? அதனால்தான் மாவட்டப் போட்டிகளில் யார் குண்டாக இருக்கிறார்களோ அவர்களைக் கோலில் நிறுத்துகிறார்கள். திறமை பார்த்து இல்லை, பேட் யாருக்குப் பொருந்துகிறது என்று பார்த்து.

ஐந்துரோடு அருண்:
கிரிக்கெட்டுக்கு மாற்றிவிடுங்கள் சார். பெண்கள் கிரிக்கெட்டில் இப்போது நல்ல பணம்.

தாரமங்கலம் டென்னிஸ்பால்:
செலவு, வசதி என்று பேசுகிறவர்கள் எங்கள் சின்னப்பம்பட்டி நடராஜனைப் பாருங்கள். அம்மா ரோட்டோரம் கோழிக்கறி கடை போட்டவர், அப்பா தறி வேலை. 2017 ஐபிஎல் ஏலத்தில் 3 கோடி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட். பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினாரே, அவர் அம்மா காய்கறி விற்றுத்தான் வளர்த்தார். திறமை இருந்தால் எதுவும் தடுக்காது. நம் மாவட்டமே சாட்சி.

குரங்குச்சாவடிக்காரன்:
அருண் தம்பி, கிரிக்கெட் அகாடமிக்கும் விசாரித்தேன். மாதக் கட்டணம், வெள்ளை டிரஸ், பேட், ஹெல்மெட் என்று சொன்னதைக் கேட்டுவிட்டு டீ மட்டும் குடித்துவிட்டு வந்தேன். அதைவிட முக்கியம், அவளுக்கு ஹாக்கிதான் பிடித்திருக்கிறது.

அம்மாப்பேட்டை தறி:
டென்னிஸ்பால் அண்ணா, நடராஜன் மேல் எனக்கும் அதே பெருமைதான். ஆனால் உங்கள் பெயரிலேயே பதில் இருக்கிறது. அவர் எதில் வளர்ந்தார்? டென்னிஸ் பந்து கிரிக்கெட்டில். ஒரு பந்து, ஒரு பேட், தரிசுக் காடு போதும். ஞாயிற்றுக்கிழமை எந்த ஊருக்குப் போனாலும் டோர்னமென்ட், ஜெயித்தால் கையில் காசு. இருபது வயது வரைக்கும் அப்பா பாக்கெட்டைத் தொடாமல் ஒருவன் பந்து வீசிக்கொண்டே இருக்கலாம். அதற்குள் யாராவது ஒருத்தர் கண்ணில் பட்டுவிடுவான். அவருக்கும் கைதூக்கிவிட ஊரிலேயே ஒரு அண்ணன் இருந்தார்.

ஹாக்கிக்கு அப்படி ஒரு கீழ்ப்படி கிடையாது. தெருவில் ஹாக்கி ஆடுகிற பிள்ளைகளை சேலத்தில் எங்கே பார்த்திருக்கிறீர்கள்? பள்ளியில் பி.டி. வாத்தியார் ஸ்டிக் எடுத்துக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் ஒருவனுக்குத் தன்னால் ஹாக்கி வரும் என்பதே தெரியாமல் போய்விடும். நடராஜன் ஜெயித்தது தெரிகிறது. ஆட ஆரம்பிக்காமலே போனவன் பெயரை யார் எழுதி வைப்பார்கள்?

செவ்வாய்ப்பேட்டைப் பையன்:
இப்போது இருப்பது டொராண்டோ, ஆனால் மளிகைக் கடை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. இங்கே ஹாக்கி என்றால் ஐஸ் ஹாக்கி. இந்த விவாதத்தைப் படிக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர் புலம்பல்தான் ஞாபகம் வந்தது.

ஐஸ் தளத்துக்கு மணிக்கணக்கில் வாடகை. ஸ்கேட், ஹெல்மெட், தோள் கவசம், இடுப்புக் கவசம் எல்லாமே பிள்ளை வளர வளர மாற்ற வேண்டும். கொஞ்சம் நன்றாக ஆடினால் மேல்மட்ட அணிக்கு எடுப்பார்கள், அதோடு சனி ஞாயிறு எல்லாம் வேறு ஊர், ஹோட்டல், பெட்ரோல். அவர் மகனுக்கு வருஷத்துக்கு ஆகும் தொகையைக் கேட்டால் நம் ஊரில் ஒரு மனை வாங்கிவிடலாம் என்று தோன்றியது. வேய்ன் கிரெட்ஸ்கி கதையை இங்கே எல்லாரும் சொல்வார்கள். அப்பா தொலைபேசிக் கம்பெனியில் வேலை பார்த்தவர், பிரான்ட்ஃபோர்டில் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் விட்டு உறைய வைத்து மகனை ஆட விட்டார். இன்றைக்கு அந்தக் கொல்லையில் எவ்வளவு நன்றாக ஆடினாலும், தேர்வாளர் வந்து நிற்கிற இடம் காசு கட்டுகிற போட்டிகளில்தான்.

ஒரு கணக்கு சொல்கிறேன். ஆஸ்பென் இன்ஸ்டிடியூட் 2019-ல் அமெரிக்கப் பெற்றோரிடம் கேட்டது. ஒரு பிள்ளைக்கு வருஷச் செலவு சராசரியாக ஐஸ் ஹாக்கிக்கு 2,583 டாலர். ஓட்டப்பந்தயம் முதலிய தடகளத்துக்கு 191. சரி, நம்ம ஹாக்கி, அதான் தரை ஹாக்கி, எவ்வளவு தெரியுமா? 2,125 டாலர். பட்டியலில் மேலே இருக்கிறது. அமெரிக்காவில் அது பெரும்பாலும் வசதியான பள்ளிப் பெண்கள் ஆடும் ஆட்டம்.

அதே ஆட்டம்தான் நம் நாட்டில் ஒடிசாவின் சுந்தர்கர், ஜார்க்கண்டின் சிம்டேகா பழங்குடிக் கிராமங்களில் இருந்து இந்திய அணிக்கு ஆள் அனுப்புகிறது. திலீப் டிர்க்கி, அமித் ரோஹிதாஸ், சலிமா டேட்டே எல்லாம் அங்கிருந்து வந்தவர்கள். ஆகவே ஹாக்கி இயல்பிலேயே ஏழை விளையாட்டும் இல்லை, பணக்கார விளையாட்டும் இல்லை. பில் யார் கட்டுகிறார்கள் என்பதுதான். இங்கே அப்பா கட்டுகிறார். அங்கே விடுதி, ரயில்வே, ராணுவம், மாநில அரசு கட்டுகின்றன. ஒடிசா 2018-ல் இருந்து இந்திய அணிக்கே ஸ்பான்சர், சுந்தர்கரில் வட்டாரம்தோறும் டர்ஃப் போடக் கிளம்பினார்கள்.

ஐந்துரோடு அருண்:
அண்ணா ஒரு சந்தேகம், அங்கே ஜனவரியில் பிறந்தவன்தான் ஜெயிப்பான் என்று ஏதோ சொல்வார்களே?

செவ்வாய்ப்பேட்டைப் பையன்:
ஆமாம் தம்பி. பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் குழு 1985-ல் எழுதியது. வயதுப் பிரிவு ஜனவரி 1-ல் தொடங்குவதால், ஜனவரியில் பிறந்தவன் டிசம்பரில் பிறந்தவனைவிடக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் பெரியவன். பத்து வயதில் அது பெரிய வித்தியாசம். பெரியவனை எடுக்கிறார்கள், அவனுக்கே நல்ல கோச், நல்ல ஐஸ். இதில் காசைச் சேர்த்துப் பாருங்கள். டிசம்பர்ப் பிள்ளையின் அப்பாவிடம் பணம் இருந்தால் தனிப் பயிற்சி வைத்து அடுத்த வருஷம் திரும்ப வரலாம். இல்லாதவன் ஒரு தடவை கழித்துக்கட்டப்பட்டால் அதோடு வீடு.

எஸ்டேட் ரோடு:
ஏற்காட்டில் நாகலூர் பக்கம். இங்கே சமதரை கிடைப்பதே அரிது. காப்பித் தோட்டம், மிளகுக் கொடி, சரிவு. மட்டமான மைதானம் என்றால் பழைய உறைவிடப் பள்ளிகளில்தான். ஆட்டம் நடக்கும்போது நம் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள், பந்து வெளியே வந்தால் எடுத்து வீசுவார்கள். அந்தப் பள்ளிகளைக் குறை சொல்லவில்லை. அவர்கள் தரையை அவர்கள் சமன் செய்தார்கள்.

எங்கள் ஊரில் ஒரு பையன் இருந்தான். மேட்டில் ஏறி இறங்கிப் பழகிய கால், கீழே சேலத்தில் எந்தப் பிள்ளையும் அவனைப் பிடிக்க முடியாது. பள்ளிப் போட்டியில் கவனித்துவிட்டு மாவட்ட அணித் தேர்வுக்கு வரச் சொன்னார்கள். போன் வந்தது முந்தின நாள் ராத்திரி. அது டிசம்பர், காப்பிப் பழம் பறிக்கிற சமயம். அம்மாவுக்கு எடை போட்டுக் கூலி, வருஷத்தில் அந்த நாட்களில் பார்க்கிற காசுதான் பள்ளிக்கூடச் செலவுக்கு. அவர் எப்படி வேலையை விட்டுவிட்டு இறங்குவார்? 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் பஸ் மாறி, காலை ஏழு மணிக்கு மைதானத்தில் நிற்க வேண்டுமாம். பையன் தனியாகப் போனான். போய்ச் சேரும்போது தேர்வு முடிந்து கூம்புகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

கட்டணம் ஒரு ரூபாய்கூட இல்லை அந்தத் தேர்வுக்கு. இலவசம்தான்.

இப்போது அவன் ஒண்டிக்கடை பக்கம் டாக்ஸி ஓட்டுகிறான். நன்றாகவே இருக்கிறான், சோகக் கதையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தாரமங்கலம் டென்னிஸ்பால்:
இதற்கு என்ன செய்ய முடியும் அண்ணா? மலைக்கு மலை மைதானம் போட முடியுமா? எல்லாவற்றுக்கும் அரசாங்கத்தைக் கைகாட்டினால் எப்படி?

எஸ்டேட் ரோடு:
மைதானம் கேட்கவில்லை தம்பி. தேர்வை ஒரு வாரம் முன்னால் சொல்லுங்கள், பதினொரு மணிக்கு வையுங்கள் என்கிறேன். இதற்குப் பட்ஜெட் தேவையில்லை.

விசில் டீச்சர்:
அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை. இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன்.

குரங்குச்சாவடிக்காரர் சார், முதலில் உங்களுக்கு உபயோகமானதைச் சொல்கிறேன். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளுக்கு வருஷா வருஷம் தேர்வு நடக்கும், வழக்கமாகக் கோடையில். 7, 8, 9, 11-ம் வகுப்பு சேரும் பிள்ளைகளுக்கு. தங்க இடம், சாப்பாடு, கிட், போட்டிக்குப் போக்குவரத்து எல்லாம் அவர்கள் பொறுப்பு. உங்கள் மகள் அடுத்த வருஷம் ஒன்பதாவது போகிறாள், சரியான நேரம். அறிவிப்பை நீங்களே இணையத்தில் பார்த்துக்கொண்டிருங்கள், பள்ளிக்குச் சுற்றறிக்கை வரும் என்று காத்திருக்காதீர்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், மாவட்ட அளவில் ஆடிய சான்றிதழ் மூன்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். ஆதாரில் பிறந்த தேதி தப்பாக இருந்தால் இப்போதே திருத்திவிடுங்கள், கடைசி நாளில் அழுகிற பெற்றோரை வருஷம் தவறாமல் பார்க்கிறேன்.

அதற்கு மேலே போனால் உதவி நிறைய. மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வானால் ஒரு வீரருக்கு வருஷம் 6.28 லட்சம் என்று கணக்கு, அதில் 1.20 லட்சம் கைச்செலவுக்கு. அரசு வேலையில் விளையாட்டு வீரருக்கு 3 சதவீதம். 2023-ல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கும் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் இதெல்லாம் மேலே ஏறியவர்களுக்கு. பன்னிரண்டு வயதில் ஸ்டிக் பிடித்து, பதினைந்து வயதில் தேர்வாளர் கண்ணில் படுகிறவரைக்கும் நடுவில் இருக்கிற மூன்று வருஷத்துக்கு யாரும் பொறுப்பில்லை. குறுவட்டப் போட்டிக்குப் பதினாறு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனால் பஸ் கட்டணம், மதியச் சாப்பாடு, எலுமிச்சம்பழம், பேண்டேஜ் எல்லாம் யார் கைக்காசு என்று நினைக்கிறீர்கள்? வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைக்கு வார்ம்-அப் கொடுத்தால் மயங்கி விழுகிறது. நான் முதலில் பொட்டுக்கடலையும் வெல்லமும் கொடுத்துவிட்டுத்தான் விசிலே ஊதுவேன்.

ராணி ராம்பால் ஹரியானாவில் வண்டி இழுப்பவர் மகள். ஷாஹாபாதில் பல்தேவ் சிங் என்ற கோச் ஸ்டிக்கும் கிட்டும் கொடுத்து வளர்த்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் ராணி தலைமையில்தான் இந்தியப் பெண்கள் அணி நான்காவது இடம் வந்தது. ஒரு கோச் அந்த மூன்று வருஷத்தைத் தாங்கிப் பிடித்ததால் நடந்தது. எல்லா ஊரிலும் அப்படி ஒருவர் அமைவாரா?

அஸ்தம்பட்டி கோச்:
டீச்சரம்மா சொல்வது சரி. ஆனால் ஒன்று. தனியாகப் பயிற்சி கொடுக்கிறவன் கட்டணம் வாங்கினால் கொள்ளை என்று ஊரில் பேசுகிறார்கள். மைதான வாடகை, கூம்பு, பந்து எல்லாம் நான் போடுகிறேன். காலை ஐந்தரைக்கு வருகிறேன். எனக்கும் வாடகை வீடுதான். கட்டணம் கட்டுகிற பத்துப் பிள்ளைகளால்தான் கட்டாத நாலு பிள்ளைகளை வைத்திருக்கிறேன்.

அம்மாப்பேட்டை தறி:
உங்களைச் சொல்லவில்லை சார். நாலு பேரை இலவசமாக வைத்திருக்கிறவரை யார் குறை சொல்வார்கள்? ஆனால் அந்த நாலு பேர் யார் என்பதை நீங்கள் தனியாக முடிவு செய்ய வேண்டியிருக்கிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

கொலுசுப் பட்டறை:
எங்கள் தெருவில் கட்டணம் பிரச்சினையே இல்லை. மாலை ஆறு மணிதான் பிரச்சினை. பத்தாவது முடித்த பையன் பட்டறையில் உட்கார்ந்து கொலுசுக்குச் சலங்கை பற்றவைத்தால் அன்றைக்கே காசு. மைதானத்துக்குப் போனால் அந்தக் காசு வராது, திரும்பி வந்து கூட நாலு இட்லி கேட்பான். என் அண்ணன் மகன் நல்ல சென்டர் ஃபார்வர்டு. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை, அவனே வீட்டு நிலைமை பார்த்து நிறுத்திக்கொண்டான்.

ஐந்துரோடு அருண்:
இப்போதுதான் ஹாக்கி இந்தியா லீக் திரும்ப வந்துவிட்டதே, நமக்கே தமிழ்நாடு டிராகன்ஸ் இருக்கிறது. ஏலத்தில் இந்திய அணியின் ஹர்மன்பிரீத் வேறொரு அணிக்கு 78 லட்சத்துக்குப் போனார். பணம் வந்தால் பிள்ளைகள் தானாக வருவார்கள்.

பழைய கோல்கீப்பர்:
தம்பி, மொட்டை மாடியில் தண்ணீர் தொட்டி வைத்துவிட்டாய், கீழே குழாய் போடவில்லை.

டர்ஃப் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1928-ல் இருந்து 1956 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக் தங்கம், எல்லாம் புல்தரை. 1976 மான்ட்ரியலில் முதல் தடவையாகச் செயற்கைத் தரை, நாம் ஏழாவது. பந்தை இழுத்துக் காட்டுகிற நம் வித்தைக்கு அந்தத் தரை ஒத்துவரவில்லை, ஓட்டமும் அடியும்தான் எடுபட்டது. ஐரோப்பாவில் ஊருக்கு ஊர் போட்டுக்கொண்டார்கள், ஒரு டர்ஃப் போட சில கோடி ஆகும், நம்மால் முடியவில்லை. ஆக, விலை ஏறியது ஸ்டிக்கில் இல்லை, காலுக்குக் கீழே.

அம்மாப்பேட்டை தறி:
1980 மாஸ்கோவில் நம்ம சென்னை பாஸ்கரன் தலைமையில் தங்கம் வாங்கினோமே, அதுவும் செயற்கைத் தரைதானே?

பழைய கோல்கீப்பர்:
வாங்கினோம். பல நாடுகள் புறக்கணித்து ஆறே அணிகள் ஆடின. அந்தத் தங்கத்தைக் குறைக்கவில்லை, அன்றைக்கு ரேடியோவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். ஆனால் அதற்கப்புறம் அடுத்த பதக்கத்துக்கு 2021-ல் நடந்த டோக்கியோ வரை காத்திருந்தோம்.

கொலுசுப் பட்டறை:
அந்த டர்ஃபுக்கு ஆட்டத்துக்கு முன்னால் தண்ணீர் வேறு பீய்ச்ச வேண்டுமாமே. மேட்டூர் அணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாங்கள் குடத்தோடு நிற்கிறோம் 😄

விசில் டீச்சர்:
முழு டர்ஃபுக்குக் காத்திருக்காமல் ஒன்று செய்யலாம். ஐந்து பேர் ஆடும் ஹாக்கி இருக்கிறது, 2024 ஜனவரியில் மஸ்கட்டில் அதற்கு உலகக் கோப்பையே நடந்தது. சின்ன இடம் போதும், ஆள் குறைவு, பந்து அடிக்கடி காலடிக்கு வரும். மேலே தறிக்காரத் தம்பி சொன்ன கீழ்ப்படிக்கு அது உதவும். எங்கள் பள்ளியில் இறைவணக்கம் நடக்கும் சிமெண்ட் தளத்தில் டென்னிஸ் பந்தை வைத்து ஆட விடுகிறேன். சமதரை என்பதால் பந்து குதிக்காது, நிறுத்தப் பழகுகிறார்கள். டர்ஃபுக்கு ஈடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் விடுதித் தேர்வில் மண் தரைப் பிள்ளை என்று பார்த்ததுமே தெரியாத அளவுக்கு வந்துவிடுகிறார்கள்.

தாரமங்கலம் டென்னிஸ்பால்:
டென்னிஸ் பந்தா? அப்படி வாருங்கள் வழிக்கு. ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட் வையுங்கள், முதல் பரிசுக்கு எங்கள் ஊர் பசங்களிடம் வசூல் செய்து தருகிறேன்.

குரங்குச்சாவடிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்ன ஃபைலைப் போட்டுவிட்டேன். ஆதாரில் பிறந்த மாதம் நிஜமாகவே தப்பாகத்தான் இருக்கிறது, திங்கட்கிழமை திருத்தப் போகிறேன். கோடை முகாமுக்கு இந்த வருஷம் அனுப்பவில்லை, அந்தப் பணத்தை விடுதித் தேர்வுக்குப் போக வர வைத்திருக்கிறோம். விடுதி என்றதும் வீட்டில் புதிதாக ஒரு பஞ்சாயத்து ஆரம்பித்திருக்கிறது: பதின்மூன்று வயதுப் பெண்ணை வெளியூரில் விடுவதா என்று. மகளைக் கேட்டால் பையை இப்போதே கட்டட்டுமா என்கிறாள்.

கீப்பர் சார், ஸ்டிக்கைத் திருப்பிப் பார்த்தேன். நீங்கள் சொன்ன இடத்திலேதான் நார் பிரிந்திருக்கிறது.

பழைய கோல்கீப்பர்:
என் பேத்தியின் ஷூ ஒரு ஜோடி இருக்கிறது, நாலாம் நம்பர், அடியில் குமிழ் தேயாதது. ஷின் கார்டும் தருகிறேன். ஜங்ஷன் பக்கம் வரும்போது போன் போடுங்கள்.

எஸ்டேட் ரோடு:
டீச்சரம்மா, அந்த விடுதித் தேர்வு அறிவிப்பு வந்ததும் இங்கேயும் ஒரு வரி போட்டுவிடுங்கள். மலையில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இந்தத் தடவை முந்தின நாளே நானே கூட்டிக்கொண்டு இறங்குகிறேன்.